புது மரத்தூள்

வரிசை வீடு என்பதால் எங்கள் தோட்டத்துக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். அன்று காலை அவர் மரத்தூள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் அப்போதுதான் பெருக்கி முடித்த தரையில் ஒரு கோடு சிந்தியபடி நடந்தார். பின்கதவு வழக்கம்போல் அடியில் சிக்கியது. கால் கட்டைவிரலால் தூக்கிக் கொடுத்து, தோளால் ஓர் இடி இடித்தார்.

“ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் சீவறீங்க. இதை எப்ப சீவறதா உத்தேசம்?”

“நாளைக்கு.”

“அந்த நாளைக்குக்குக் கல்யாண வயசாச்சு.”

“நல்ல இடமா பாரு. செஞ்சு வெச்சுடுவோம்.”

மூட்டையை இறக்கி ஒரு கைப்பிடி அள்ளி என் மூக்கருகே நீட்டினார். “மோந்து பாரு. இப்பத்தான் ரம்பத்துக்கு அடியிலேருந்து அள்ளினது.” பச்சை மரம் அறுத்த வாசனை. நன்றாகத்தான் இருந்தது. அவர் பாத்தியில் தூளைக் கொட்டி மண்ணோடு கொத்திக் கலந்தபடி, கலந்த இடத்தில் கத்தரி நாற்றுகளை நட்டுக்கொண்டே போனார். முக்கால் பாத்தி முடிந்தபோது நான் சாப்பிடக் கூப்பிட்டேன். மண்வெட்டியை அந்த இடத்திலேயே கொத்தி நிறுத்திவிட்டு வந்தார். மீதி நாற்று தட்டில் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். ஒரு மேசைக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டாராம். வீட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

வருகிறவர்களும் போகிறவர்களுமாக இருந்த நாட்களில் பின்கதவை யாரும் திறக்கவில்லை. திறந்தபோது தட்டில் இருந்த நாற்றெல்லாம் வைக்கோலாகியிருந்தது. பாத்தியில் நட்டதை மழை காப்பாற்றியிருந்தது.

அந்தக் கத்தரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக் காயில் ஊதா வரி ஓடும். யாருக்கோ அலமாரி செய்யப் போன வீட்டில் ஒரு காய் கொடுத்தார்களாம். அதில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் காயைக் கொடுத்தார், விதையைக் கொடுக்கத் தோன்றியதில்லை. இந்த முறை புட்டியில் இருந்ததை முழுக்கக் கவிழ்த்து விதைத்துவிட்டார். “பழசை எதுக்குப் பொத்திப் பொத்தி வெக்கணும்? புதுசா எடுத்துக்கலாம்” என்றார். ஆக, பாத்தியில் நின்றவைதான் மிச்சம். அதில் ஒன்றாவது காய்த்துப் பழுத்தால் அந்தக் கத்தரி இருக்கும். இல்லாவிட்டால் இல்லை. விதையை எடுத்தே தீருவது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அப்போது வேறு எதையும் முடிவு செய்யும் நிலையில் நான் இல்லை.

அவருடைய தங்கை எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். வந்த மறுநாளே என் அலமாரி முழுக்க அடுக்கி முடித்துவிட்டாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

“அண்ணி, உங்க செடிக்கு மஞ்சக்காமாலை.”

அடி இலைகள் வெளுத்து மஞ்சளாகியிருந்தன. நரம்பு, நடு, ஓரம் என்று வித்தியாசமில்லாமல் இலை முழுக்க மஞ்சள். அது கீழிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. மேலே வந்த குருத்தும் சின்னதாக, வெளிறிக் கிடந்தது. செடி நட்ட உயரத்திலேயே நின்றது.

நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர் துக்கம் கேட்க மறுபடி வந்திருந்தார். அவருக்கும் என் கணவருக்கும் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. எங்கள் பாத்தியில் மூட்டை உரம் போடுவதில்லை. “மச்சான், என்னிக்காவது ஒருநாள் யூரியாவுக்கு என்கிட்டதான் வரணும் நீ” என்று அவர் சொல்வதும், “நான் வந்தா கதவு செய்யத்தான் வருவேன்” என்று இவர் சொல்வதும் பழக்கம். இவர் அவருக்கு வைத்த பெயர் மூட்டை. ஆள் பார்க்கவும் அப்படித்தான் இருப்பார்.

பாத்தியைப் பார்த்ததும் மூட்டை அண்ணன் உச்சுக்கொட்டினார்.

“தழைச்சத்து இல்ல தங்கச்சி. ஒரு கைப்பிடி யூரியா கரைச்சு ஊத்து. வாரத்துல கருகருன்னு நிக்கும். மச்சானும் இல்ல, யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேண்ணே.”

“பிடிவாதம் பிடிக்கற நேரமா இது?”

“அவர் ஒருநாள் வருவார்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. வரலை. இப்பவும் நீங்கதான் வந்திருக்கீங்க.”

நாத்தனார் சிரித்துவிட்டாள். அண்ணன் செத்த வீட்டில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. மூட்டை அண்ணன் கோபப்படவில்லை. தேநீரை முடித்துவிட்டு, கதவோடு சற்று மல்லுக்கட்டித் திறந்து போனார்.

மக்கிய உரம் குழியில் இருந்தது. அதைச் சலித்துச் செடி ஒவ்வொன்றைச் சுற்றியும் போட்டு நீர் விட்டேன். காலையில் அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போகுமுன் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். மஞ்சள் இன்னும் ஒரு படி ஏறியது. ஓரத்தில் நின்ற செடி ஒன்று சாய்ந்தே போயிற்று. எந்த வருஷமும் இதே உரம்தான், இதே மண்தான். எல்லா வருஷமும் மரத்தூளும்தான். பின்னே என்ன?

களை பிடுங்க உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. செடிகளுக்கு இடையில் முளைத்த களைகூட மஞ்சளாக இருந்தது. களைக்கு என்ன வந்தது? அது கல்லிலும் முளைக்கும். தலை நிமிர்ந்து பார்த்தேன். மண்வெட்டி நிற்கும் இடம் வரை மஞ்சள். அதற்கு அப்பால், அவர் கொத்தாமல் விட்ட கால் பாத்தியில், அதே களை முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது.

செத்த செடியைப் பிடுங்கினேன். வேரில் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் வெளுப்பாக, அறுத்த நாளில் இருந்த நிறத்திலேயே இருந்தது. மோந்து பார்த்தேன். அந்தக் காலை வாசனையின் அடிப்பகுதி கொஞ்சம் மிச்சமிருந்தது. அதுதான் விடை. மற்ற வருஷங்களில் அவர் கொண்டுவந்த தூளில் இந்த வாசனை இருந்ததே இல்லை. பட்டறைக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடந்த பழைய குவியலிலிருந்து கொண்டுவருவார். கருத்து, மண்வாசனையோடு இருக்கும். குவியல் தீர்ந்து போயிருக்க வேண்டும். இவர் ரம்பத்தடியில் கை வைத்துவிட்டார்.

அன்றே நாற்றுப் பண்ணைக்குப் போனேன்.

“வாம்மா, வந்துட்டியா!” என்று மூட்டை அண்ணன் உள்ளே திரும்பினார்.

“யூரியாவுக்கு இல்லண்ணே. புது மரத்தூளை மண்ணுல கலந்தா என்ன ஆகும்?”

அவர் நின்று என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

“தூளை மக்க வெக்கிற கிருமிங்களுக்கும் பசிக்குமில்ல? மரத்துல தழைச்சத்து கிடையாது. அதனால மண்ணுல இருக்கிறதை எடுத்துத் தின்னும். அதுங்க முதல் பந்தி. செடி எலை போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.” சற்றுப் பொறுத்து, “மச்சானா இப்படிப் பண்ணான்?” என்றார்.

“அவர்தான்.”

“தின்னதைத் திருப்பிக் குடுத்துடும். ஆனா தூள் முழுக்க மக்கணும். அடுத்த வருஷம் பாத்தி ஜோரா இருக்கும்.”

“எனக்கு இந்த வருஷம் வேணும். மூட்டை உரம் இல்லாம.”

தலையைச் சொறிந்தார். கூச்சத்தோடு நாத்தனாரைப் பார்த்தார். அவளும் கூட வந்திருந்தாள்.

“ஒண்ணு இருக்கு. தப்பா நினைக்கக் கூடாது. மனுஷ மூத்திரம். புதுசா, பத்துப் பங்கு தண்ணி விட்டு, ஈர மண்ணுல ஊத்தணும். இலையில படக்கூடாது. மருந்து மாத்திரை சாப்பிடாத ஆளோடதா இருக்கணும்.”

நான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். இருவரும் நாத்தனாரைப் பார்த்தோம்.

“நாள் முழுக்க அதைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன்,” என்றாள் அவள். “இங்கயுமா?”

“உங்க அண்ணன் போட்ட முடிச்சு,” என்றேன்.

“அவன் போடுவான், நான் அவிழ்க்கணும். சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்.” வழியெல்லாம் முணுமுணுத்தாள். வீட்டுக்கு வந்ததும் மூடியுள்ள வாளி ஒன்றைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தாள். அதன்மேல் ஆஸ்பத்திரிப் பாணியில் ஒரு சீட்டு ஒட்டினாள்: மாதிரி, வெறும் வயிறு.

தூளைத் திரும்ப எடுக்க முடியாது. வேர் அதோடு பின்னிக்கிடந்தது. அதனால் அதற்கும் செடிக்கும் சேர்த்தே சோறு போட வேண்டியிருந்தது. மண்ணை நனைத்து, கரைசலைச் செடியைச் சுற்றி ஊற்றினோம். மண்வெட்டிக்கு அப்பால் நின்ற பச்சைக் களையைப் பூக்கும் முன் அறுத்து, மெல்லிய போர்வையாகப் பரப்பினேன். அதை அறுத்த இடத்தில் தட்டைப்பயறு விதைத்தேன், அடுத்த பருவத்துக்கு. பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து என்ன உரம் என்று கேட்டார்.

“வெளியில கிடைக்காதுங்க,” என்றாள் நாத்தனார். “சொந்தத் தயாரிப்பு.”

அவள் தினமும் குனிந்து அடி இலையைப் பார்ப்பாள். மஞ்சள் போகவில்லை என்று அலுத்துக்கொள்வாள்.

“அது இனிமே பச்சையாகாது. விழுந்துடும்,” என்றேன். “நீ மேல வர்றதைப் பாரு.”

மேலே வந்தது. முதலில் நடுக் குருத்து. நம்ப மனம் வராமல் நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அடுத்த இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது, கரும்பச்சையில். அடி இலைகள் ஒவ்வொன்றாக உதிர, செடிகள் கணுக்கால் தெரியப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப்போல் நின்றன. அவற்றில் மூன்று பிழைக்கவில்லை. மற்றவை பூத்தன. காய் பிடித்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு காயை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். இந்த வருஷம் யாருக்கும் குழம்பு கிடையாது என்று அறிவித்தேன். அந்த உரத்தில் விளைந்ததைத் தின்னத் தனக்கு அவசரமில்லை என்றாள் நாத்தனார்.

காய்கள் வரி மங்கி, பொன்மஞ்சளாகப் பழுத்துத் தொங்கின. இந்த மஞ்சளுக்காகத்தான் காத்திருந்தேன். அறுத்து, நீரில் பிசைந்து, அடியில் தங்கிய விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தினோம். மூட்டை அண்ணனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். நாத்தனாருக்கு ஒன்று. மீதி புட்டியில். அதில் பாதியை எந்த வருஷமும் விதைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மண்வெட்டியை எடுத்துக் கழுவி மாட்டினேன். பட்டறையில் அவரோடு வேலை செய்தவர் இழைப்புளியோடு வந்து பின்கதவைச் சீவித் தருவதாகச் சொன்னார். பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

கதவு இன்னும் அடியில் சிக்குகிறது. கால் கட்டைவிரலால் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துத் தோளால் இடிக்க வேண்டும்.