குடிவந்தவர் கொடுக்கும் நூடுல்ஸ்

மருமகள் இன்னும் மூட்டை கட்டவில்லை; அதற்குள் கிமியே தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். எதிர்வீட்டு இமுரா அம்மாவிடம் சொன்னாள், மீன்கடையில் சொன்னாள், முழங்காலுக்கு ஊசி போடும் டாக்டரிடமும் சொன்னாள். ஜூலை முதல் தேதி யுகாரி, அமகசாகியில் இருக்கிற தன் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடுவாள், இனிமேல் மாமியாரை அவள்தான் பார்த்துக்கொள்வாள். இந்தச் செய்தியைக் கேட்காதவள் ஒருத்திதான் பாக்கி. அவள் யுகாரி.

கிமியேவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. யுகாரி கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் எதையும் கேட்டுச் செய்து வழக்கமில்லை. சொல்லித்தான் வழக்கம்.

ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. புருஷன் போய்ப் பத்து வருடம். ஒரே மகன் கெய்ஜி போன வருடம் ஏப்ரலில் மாரடைப்பில் போனான், ஐம்பது வயதில். இந்தப் பிப்ரவரியில் கிமியே குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஈரத்தரையில் ஐந்து மணி நேரம் கிடந்தாள். தெருச் சுற்றறிக்கையைக் கொடுக்க வந்த இமுரா அம்மாதான் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கமாக வந்து தூக்கினாள். அந்த ஐந்து மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிமியே நினைத்தது ஒன்றுதான். அடுத்த தடவை தட்ட ஆள் வராவிட்டால்? பேரன் பேத்தி கிடையாது. யுகாரியை விட்டால் அவளுக்கு நாதியில்லை. இதை அவள் யுகாரியிடம் சொல்லவில்லை. எழுபத்தாறு வயதுவரை யாரிடமும் கெஞ்சாதவள், மருமகளிடமா கெஞ்சுவாள்?

குடிவந்தவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நூடுல்ஸ் கொடுப்பது வழக்கம், அந்த இழை மாதிரி உறவும் நீளட்டும் என்று. கடையில் வாங்கிக் கொடுத்தால் அது கடைச்சரக்கு. மருமகள் தன் கையால் செய்து, மேலே தன் பெயரையும் எழுதிக் கொடுத்தால் பிறகு எப்படித் திரும்பிப் போவாள்? கிமியேவின் மூளை இந்த மாதிரி விஷயங்களில் நன்றாகவே வேலை செய்யும். இகேதா ஸ்டேஷனுக்குத் தெற்கே இருக்கிற இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் மியூசியத்தில், மாவு பிசைவதிலிருந்து பொரிப்பது வரைக்கும் நாமே கூட இருந்து செய்து, பெயர் எழுதிய பாக்கெட்டில் வாங்கிவரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம் போவார்கள். கிமியே இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டுப் போன் போட்டாள்.

"புதன்கிழமை பத்து மணிக்கு வந்துடு. லீவு போட்டுடு."

"சரி, அத்தை. எனக்கும் உங்களைப் பாக்க வேண்டியிருந்தது" என்றாள் யுகாரி.

புதன்கிழமை காலையிலிருந்தே விடாத மழை. யுகாரி மியூசியம் வாசலில் முன்னாலேயே வந்து நின்றாள். ஊதாத் துணியில் முடிச்சுப் போட்ட ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். கிமியேவின் கண் முதலில் அதில்தான் விழுந்தது.

"மறுபடியும் அமகசாகி இனிப்பா? எதுக்கும்மா இதைத் தூக்கிட்டு அலையுறே? போன தடவை நீ குடுத்ததை இமுரா வீட்டு நாய் மோந்து பாத்துட்டு அந்தாண்ட போயிடுச்சு."

"இது இனிப்பு இல்ல, அத்தை."

"அப்போ ஊறுகாயா? அது இன்னும் மோசம்."

வகுப்புக்குள் பை எடுத்துப் போகக்கூடாது. லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் கூட்டம் மேல் வரிசையை எல்லாம் பிடித்துவிட்டது; அடியில் ஒன்றே ஒன்றுதான் காலி. கிமியே தன் கைப்பையைப் போட்டாள், சொட்டச் சொட்ட மடக்குக் குடையைப் போட்டாள், யுகாரியின் கையிலிருந்த பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கி அதன்மேல் செருகினாள். அது பாதிதான் உள்ளே போயிற்று. குனிந்து அழுத்த முழங்கால் மடங்கவில்லை. அவள் ஷூக்காலைத் தூக்கி ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே மரம் இடிபடுகிற சத்தம் கேட்டது. இன்னொரு தள்ளு தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

யுகாரி ஒரு அடி முன்னால் வந்தாள். வாய் திறந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

"என்ன, உடைஞ்சா உடையட்டும். நான் என்ன அதைத் திங்கவா போறேன்?" என்றாள் கிமியே.

வகுப்பில் ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பேர். இவர்களுக்கு ஏழாம் மேசை. எல்லாருக்கும் ஏப்ரனும், மஞ்சள் கோழிக்குஞ்சுப் படம் போட்ட தலைத்துணியும் கொடுத்தார்கள். யுகாரி துணியைக் கட்டிக்கொண்டு திரும்பினாள். கிமியே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. மடியிலதான் ஒண்ணும் உக்காரல, தலையிலயாவது குஞ்சு உக்காரட்டும்."

பக்கத்து மேசையில் சின்ன மகனோடு வந்திருந்த ஒரு தாய் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். யுகாரி மாவின் நடுவில் குழி பறித்துத் தண்ணீரை ஊற்றினாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கல்லாட்டம் நிற்கிறாளே என்று கிமியேவுக்கு எரிச்சல்தான் கூடியது. அழுதால் ஒருவேளை அத்தோடு விட்டிருப்பாள்.

"இதே மாதிரி வீட்டுலயும் மாவு பிசைஞ்சு, சுடச்சுட ஆக்கிப் போட்டிருந்தா என் பிள்ளை ஏன் டப்பா நூடுல்ஸாத் தின்னு செத்துப்போறான்?"

கெய்ஜிக்கு அந்தப் பழக்கம் ஏழு வயதில் வந்தது. கிமியே மேசைமேல் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டையும் பிளாஸ்க்கில் வெந்நீரையும் வைத்துவிட்டு, சாயங்காலம் முழுக்கப் பச்சின்கோ கூடத்தில் சூதாடிக்கொண்டிருப்பாள். இதைக் கெய்ஜி யுகாரியிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். யுகாரி அதை இன்றுவரை திருப்பிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கிமியே கொஞ்சம் அடங்கியிருப்பாளோ என்னவோ. பதில் வராத வாய் மேலும் மேலும் ஏச்சைத்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

மாவு ஊறுகிற நேரத்தில் பாக்கெட்டில் படம் போடச் சொன்னார்கள். கிமியே கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'இமுரா அம்மாவுக்கு. எங்கள் மருமகள் வந்துவிட்டாள்.' அடியில் தன் முழுப்பெயரையும் எழுதிப் பேனாவை மூடிவிட்டு, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் தீர்ப்பைச் சொன்னாள்.

"ஜூலை ஒண்ணாம் தேதி வந்துடு. வடக்குப் பக்கத்து ரூம்ல இருந்த பொட்டி எல்லாம் எடுத்து ஒழிச்சு வச்சுட்டேன். மருந்துக்கடை வேலையை இந்த மாசத்தோட விட்டுடு. எனக்கு உப்பு கம்மி, ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருப்பேன், கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். உன் பாக்கெட்டுல உன் பேரை எழுது. தெருக்கோடி வீட்டுக்கு அது."

"ம்" என்றாள் யுகாரி, பாக்கெட்டின்மேல் கையை மறைத்து எழுதிக்கொண்டே.

"அப்புறம் கெய்ஜியோட பலகை. அதை இனி உன் வீட்டுல வச்சிருக்க வேண்டியதில்ல. மாடத்துல அவன் அப்பா பலகையை நகர்த்தி, தொடைச்சு இடம் பண்ணியிருக்கேன். தினம் நானே சோறும் தண்ணியும் வச்சுக் கும்பிடுவேன். செத்தும் அவன் உன் கையால வயிறு காய வேண்டாம்."

செத்தவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்த கறுப்புப் பலகை அது. கெய்ஜியே அதில் இருப்பதாகத்தான் அவளுக்கு நினைப்பு. அவனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பாசம் இல்லாதவள் என்று அவளைச் சொல்லிவிட முடியாது. இருந்த பாசம் முழுவதும் ஒரே இடத்தில் கிடந்தது, அவ்வளவுதான்.

"அது உங்க கைக்கு வந்துடும், அத்தை" என்றாள் யுகாரி.

மௌனம் சம்மதம் என்பது கிமியே இருபத்திரண்டு வருடமாக நடத்திவந்த சட்டம். இன்று மௌனத்துக்கு மேலே ஒரு வாக்கியமும் கிடைத்துவிட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மாவுத்தகட்டை மெஷினில் விட்டு இழைகளாக்க இரண்டு பேர் வேண்டும். கிமியே ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். கீழே வந்து விழுகிற இழைகளை யுகாரி பிடித்து, கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே வந்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரு இழை கூடக் குறைய இல்லை.

"இவ்வளவு குட்டையாவா வெட்டுவே? உறவு நீளணும்னுதானே நூடுல்ஸே குடுக்குறது!"

"இருபது சென்டிமீட்டர்னு சொல்லிக்குடுக்குற பொண்ணு சொன்னாங்க."

"ஊர்ல யார் சொன்னாலும் கேப்பே. நான் சொன்னா மட்டும் காதுல ஈயம் காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கும் உனக்கு."

அவித்தார்கள், சாறு தெளித்துப் பிரித்தார்கள். பொரிக்கிற வேலையை மட்டும் அங்கே உள்ளவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அரைமணி நேரம் கழித்து, சொல்லிக்கொடுத்த பெண் ஒட்டி முடித்த பாக்கெட்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து, அவற்றில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"குசுமோட்டோ கிமியே அவர்கள்!"

கிமியே போய் வாங்கிக்கொண்டாள்.

"நிஷிவாகி யுகாரி அவர்கள்!"

கிமியே அங்கேயே நின்றுவிட்டாள். "ஏம்மா, கண்ணு தெரியலையா? ஏழாம் மேசையில ரெண்டு பேரும் குசுமோட்டோதான். நிஷிவாகிங்கிறது இவ பொறந்த வீட்டுப் பேரு. அதை நாங்க கழுவி ஊத்தி இருபத்திரண்டு வருஷமாச்சு."

அந்தப் பெண் முகம் சிவந்து மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். "பாக்கெட்டுல அப்படித்தான்மா எழுதியிருக்கு..."

"அவங்க சரியாத்தான் வாசிச்சாங்க" என்று யுகாரி முன்னால் வந்து இரண்டு கையாலும் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். "நான்தான் நிஷிவாகி."

வெளியே கூடத்தில் இருந்த பெஞ்சுக்கு வருவதற்குள் கிமியே இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்தாள். எப்போதும் அவள் முழங்கையைத் தாங்குகிற கை இன்று வரவில்லை.

"என்னடி கூத்து இது?"

"இப்போ அதான் என் பேரு. மூணு மாசமா. நகராட்சி ஆபீஸ்ல ரெண்டு தாள் குடுத்தேன். ஒண்ணு பழைய பேருக்குத் திரும்ப. இன்னொண்ணு புருஷன் வீட்டு உறவை முடிச்சுக்க. புருஷன் செத்தப்புறம் எப்ப வேணாலும் குடுக்கலாமாம்."

"என்னைக் கேக்காமலா?"

ஒருவரைக் கேட்டுச் செய்வது என்ற பேச்சு கிமியேவின் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

"கேக்க வேண்டியதில்ல. கையெழுத்துக்குப் பதிலா என் முத்திரை மட்டும் போதும். உங்களுக்கு ஒரு கடிதம்கூடப் போட மாட்டாங்க. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். சட்டப்படி இப்போ நமக்குள்ள எதுவும் இல்ல."

கிமியே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏச வேண்டும் என்று நினைத்தாள், ஏச்சு வரவில்லை. அதற்கு அடியில் இவ்வளவு நாள் புதைத்து வைத்திருந்ததுதான் வந்தது.

"பிப்ரவரியில நான் குளிக்கிற ரூம்ல விழுந்துட்டேன்டி. அஞ்சு மணி நேரம்... அப்படியே கெடந்தேன். எனக்குப் பயமா இருக்கு, யுகாரி."

"தெரியும். அன்னிக்கு ராத்திரியே இமுரா அம்மா போன் பண்ணாங்க." யுகாரியின் குரல் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற குரலாகவே இருந்தது. "மறுநாள் காலையில முதல் வேலையாப் போய் அந்தத் தாளை வாங்கினேன்."

அவள் எழுந்து போய் லாக்கரைத் திறந்தாள். கைப்பையை எடுத்து வைத்தாள், குடையை எடுத்து வைத்தாள். ஊதாத் துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கிமியேவின் மடியில் வைத்தாள். ஒரு பக்கம் குடைத்தண்ணீரில் ஊறியிருந்தது. மறுபக்கம் ஷூவின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது.

"குசுமோட்டோ அம்மா, இது உங்களுது."

அத்தை போய் அம்மா வந்ததைக் கிமியே கவனித்தாள். கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற அம்மா அது. முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு மரப்பெட்டி, மூலையில் விரிசல் விட்டிருந்தது. பெட்டிக்குள் கறுப்புப் பலகை. திருப்பினாள். பின்பக்கத்தில் பொன்னெழுத்து ஈரத்தில் மின்னியது: கெய்ஜி, வயது ஐம்பது.

அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில், கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை நின்று திரும்பிப் பார்த்தது.

"பாவி! நான் காலால... காலால தள்ளும்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்." யுகாரி தலைத்துணியை அவிழ்த்து நான்காக மடித்தாள். "இருபத்திரண்டு வருஷமா நான் கொண்டுவந்த எதையும் நீங்க பிரிச்சுக்கூடப் பாத்ததில்ல. 'அம்மா அப்படியெல்லாம் இல்ல, நீதான் பெருசாக்குறே'ன்னு அவர் கடைசி வரைக்கும் சொன்னார். நான் குடுக்குறதை நீங்க எப்படி வாங்குவீங்கன்னு அவரும் ஒரு தடவை பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

பிறகு இடுப்பு வளைய, முறைப்படி, நீளமாக ஒரு வணக்கம் வைத்தாள். தன் நூடுல்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள், வாசலில் சாத்தி வைத்திருந்த தன் குடையை விரித்தாள், மழையில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிமியே தன் தலையிலிருந்த கோழிக்குஞ்சுத் துணியைப் பிடுங்கி, பலகையை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். ஷூத்தடம் ஊதாத் துணியில்தான் இருந்தது, பலகையில் இல்லை. இருந்தும் அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில், மருமகள் வந்துவிட்டாள் என்று எழுதிய பாக்கெட் கிடந்தது. அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் உள்ளே போனார்கள், முடித்துவிட்டு வெளியே வந்தார்கள். எழுந்திருக்க முயன்றாள். முழங்கால் தூக்கிவிடவில்லை.

பெயர் வாசித்த பெண்தான் வந்து அவள் முன்னால் குனிந்து நின்றாள்.

"அம்மா, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாராவது இருக்காங்களா?"

கிமியே பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இருக்கான்" என்றாள். "மகன் கூட வந்திருக்கான்."

அந்தப் பெண் நிமிர்ந்து, அவனைத் தேடிக் கூடம் முழுக்கப் பார்த்தாள்.