திரும்பிப் பார்த்தவள்

சாலோமி டெங்குக் காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தாமிரபரணியில் வெள்ளம் வந்துவிட்டது. திருநெல்வேலி ஜங்ஷனே தண்ணீரில் நின்றது. கீழே ஏரல் பக்கத்துக் கிராமங்களில் சுவரோடு வீடுகள் போயின. பாளையங்கோட்டையில் பிருந்தா படித்த கல்லூரியில், விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் மாணவர்கள் துணிமணி திரட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவானது. பொறுப்பைப் பிருந்தாதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். கைநிறைய வேலை இருந்தால் சாலோமியின் நினைப்பு வராது என்று நம்பினாள். மூன்று வருடமும் ஒன்றாகவே திரிந்தவர்கள் அவர்கள்.

"சேகரிக்கிறதுல இருந்து குடுக்குறது வரைக்கும் எல்லாத்தையும் எடுத்துருங்க. இந்த செமஸ்டருக்கு அதுதான் புராஜெக்ட்" என்றார் சிவகணேஷ் சார்.

கல்லூரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். கிழிந்த பேன்ட், ஒற்றைச் செருப்பு, சாயம் போன பட்டுப்புடவை என்று வந்து குவிந்தது. கொடுப்பவர்களின் முகத்தைப் படம்பிடிக்கும்போது பிருந்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. கேமராவைக் கண்டதும் சிலர் பையைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் பையை வைத்துவிட்டுப் பேசாமல் நழுவினார்கள். நல்ல துணியெல்லாம் நழுவினவர்களின் பைகளில்தான் இருந்தது.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் சாலோமியின் அம்மா யூனிஸ் வந்தார். பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பைகளை மேசையில் வைத்தார்.

"எல்லாம் தொவச்சுத் தேச்சதுதான், பிருந்தா. பெரிய பிள்ளைகளாப் பாத்துக் குடு."

"இருக்கட்டும் ஆன்ட்டி, வீட்லயே..."

"பீரோவைத் தொறக்க முடியல பிள்ள."

மேலாக இருந்தது கத்தரிப்பூ நிறச் சுடிதார், கழுத்தில் மஞ்சள் நூல் பூ வைத்தது. ஆகஸ்டில் வகுப்புக்காகப் பிருந்தா எடுத்த சின்னப் படத்தில் சாலோமி போட்டிருந்தது அதுதான். தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறைப் பக்கம் அவள் முன்னால் நடப்பாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து பிருந்தா பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் திரும்பிச் சிரிப்பாள். படம் அவ்வளவுதான். அவள் போன பிறகு பிருந்தா அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கவே இல்லை. சுடிதாரைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தொட்டதும் பயம் வந்தது. மற்றவற்றோடு கட்டி வண்டியில் ஏற்றிவிட்டாள்.

ஏரல் பக்கத்தில் அவர்கள் போன கிராமத்தில் பள்ளிக்கூடத்தில்தான் எல்லோரும் தங்கியிருந்தார்கள். துணியைப் பிரித்ததும் முத்துராணி என்ற பெண் அந்தச் சுடிதாரை எடுத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. வெள்ளத்தன்று உடுத்தியிருந்த துணியோடேயே இருந்தவள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வழியாக நடந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது. பிருந்தா கேமராவோடு பின்னால் போனாள். திரையில் அந்த முதுகு, அந்தப் பின்னல், அதே ஆறு. யாரோ கூப்பிட்டார்கள். பெண் திரும்பினாள்.

"என்னக்கா?"

பிருந்தா கேமராவை இறக்கினாள். வந்த வழியே திரும்பி நடந்தாள்.

மறுவாரம் எடிட்டிங் அறையில் முதலில் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்த சார், "இந்த ஷாட்லயே முடிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகுதான் ஹெட்போனை மாட்டினாள். காற்றும் தண்ணீரும் இரைந்தன. அதற்குள்ளிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "சாலோமி."

அவளுடைய குரல். கூப்பிட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. வகுப்புத் தோழன் பெனோவைக் கேட்கச் சொன்னாள். அவன் கேட்டான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"ஒன் கொரல்தான்" என்றான்.

அதிலிருந்து பஸ்ஸில், மாடிப்படியில், எங்கே போனாலும் தன் வாய் தனக்குத் தெரியாமல் அந்தப் பெயரைச் சொல்லிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தாங்க முடியாமல் ஒருநாள் லேப்டாப்போடு யூனிஸ் வீட்டுக்குப் போனாள்.

யூனிஸ் முழுதும் பார்த்தார். அழவில்லை.

"அந்தப் பிள்ள 'என்னக்கா'ன்னு கேக்குதே. நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி."

"கூப்பிட்டுட்டு ஒண்ணும் சொல்லாமலா வந்த? அது என்ன நெனச்சிருக்கும்? சனிக்கிழம போவோம்."

பிருந்தா அந்த ஷாட்டை வெட்டிவிட்டுத்தான் புராஜெக்டைக் கொடுத்தாள். சார் கேட்டதற்கு, ஆடியோ சரியில்லை என்றாள்.

சனிக்கிழமை முத்துராணி வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். சுடிதார் வேலியில் காய்ந்தது. யூனிஸ் அதன் பக்கம் திரும்பவில்லை. பெண்ணின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் கீய்ச்சல்னா மாத்திரையப் போட்டுட்டு இருந்துராத. மொத நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிரு."

அவள் புரியாமல் தலையாட்டினாள். பிருந்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அன்னைக்கு நான் வேற ஒருத்தியத்தான் கூப்பிட்டேன்."

"தெரியும்க்கா. எம்பேரு அது இல்லியே."

"பெறகு ஏன் திரும்புன?"

முத்துராணி மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் தள்ளினாள். "தெரியலக்கா. என்னயக் கூப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு."

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இடம் கிடைத்தது. யூனிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிருந்தா உள்ளே நகரப் போனாள். என்னவோ தோன்ற, நடு இடத்தை விட்டுவிட்டு இந்த ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க தாயி" என்றாள்.

"இங்கன ஆள் இருக்கு" என்றார் யூனிஸ், வெளியே பார்த்தபடி.

அந்த அம்மாள் பிருந்தாவைப் பார்த்தாள். பிருந்தா நடு இடத்தைத் திரும்பிப் பார்க்காமல், இடிக்கக்கூடாது என்பதுபோல், துப்பட்டாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.