கூரை மேல் ஒன்பது நிமிடம்

காலை ஆறு மணிக்கு லாரியில் கூண்டுகளைத் திறந்துவிட்டார்கள் என்று புறாப் பந்தயச் சங்கச் செயலாளர் போனில் சொன்னார். ஐந்நூறு கிலோமீட்டர். எதிர்காற்று இல்லாவிட்டால் பகல் ஒரு மணிக்குள் முதல் புறா வீடு திரும்பிவிடும். அது தெரிந்தும் எட்டு மணிக்கே மாடியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். நாற்காலியில் இருந்ததைவிட எழுந்து நடந்ததுதான் அதிகம்.

எழுபத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று ஊரே கேட்கிறது. பேருந்துப் பணிமனையில் முப்பத்தாறு வருடம் டயர் கழற்றி மாட்டினேன், அது தேவையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இந்த நீண்ட தூரப் பந்தயத்தில் நான் கடைசியாக ஜெயித்துப் பதினோரு வருடம் ஆகிறது. நடுவில் மூன்று முறை இரண்டாவது. மூன்று முறையும் முதலில் வந்தது அடுத்த தெரு வெல்டர். கோப்பையை இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "அடுத்த தடவை உங்களுக்குத்தான் பெரியவரே" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாவதற்குள் ஒரே ஒரு முறை அவனை முந்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருடம் என்னிடம் முசுடு இருந்தான். மூன்று வயது சாம்பல் நிற ஆண் புறா. யாரோடும் ஒட்டமாட்டான், கிட்டே போனால் கொத்துவான். பெயர் வைத்தது என் மனைவி. "உங்க ரெண்டு பேருக்கும் சேத்துதான் வெச்சேன், தனித்தனியா யோசிக்க எனக்கு எங்க நேரம்?" என்றாள்.

பந்தய நாளில் மாடிக்கு யாரும் வரக்கூடாது. இது என் சட்டம். கல்யாணமான புதிதில் அவள் ஒரு சிவப்புப் போர்வையைக் காயப்போட வந்தாள், வந்த புறா மிரண்டு பறந்துபோனது, தோற்றேன். அன்று நான் போட்ட கூச்சலுக்குப் பிறகு எந்தப் பந்தய நாளிலும் அவள் மாடிக் கதவைத் திறந்ததில்லை. ஐம்பத்தோரு வருடம்.

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. கடிகாரத்தை நாலு முறை துடைத்தேன். கூட்டின் கதவை ஆட்டிப் பார்த்தேன். காகம் வந்தது, பருந்து வந்தது, யார் வீட்டிலிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தது.

"ஏங்க, தண்ணியாவது குடிக்கிறீங்களா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"பேசாம இருடி!" என்றேன். தண்ணீர் வேண்டும்தான். ஆனால் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு வந்தான். கிழக்கே ஒரு புள்ளியாக இருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டதே இதற்காகத்தான். போன வருடம் ஒரு காகத்தைப் பார்த்து எழுந்து நின்று விசிலடித்த ஆள் நான். இப்போது ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. முசுடு இறங்கிக் கூட்டின் கூரைமேல் உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான்.

புறா வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது. கூட்டுக்குள் நுழைய வேண்டும். காலில் சங்கம் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்துக்குள் போட்டுத் திருக வேண்டும். அந்த நொடிதான் கணக்கு. கூரைமேல் இருக்கும் புறாவும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புறாவும் ஒன்றுதான். விரட்டிப் பிடிக்கவும் முடியாது, பறந்துவிடும்.

நான் ஓர் அடி வைத்தேன். அவன் இரண்டடி தள்ளிப்போனான். கழுத்தை நீட்டி என் முகத்தையே பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. டாக்டர் ஒரு மாதத்துக்குக் கழற்றக்கூடாது என்று மாட்டிவிட்ட பெரிய கறுப்புக் கண்ணாடி என் பாதி முகத்தை மறைத்திருந்தது. தூசி ஆகாது என்று மூன்று வாரம் கூட்டுப் பக்கமே நான் வரவில்லை. சங்கத்தில் சேரும் ஒவ்வொருவனிடமும், தொப்பியை மாற்றினால்கூடப் புறாவுக்கு நீ அந்நியன் என்று வாய் வலிக்கச் சொன்னவன் நான். அதற்காகவே கூட்டுக்குள் முப்பது வருடமாக ஒரே காக்கிச் சட்டை போடுகிறவன். சட்டையை மறக்காமல் போட்டுக்கொண்டு முகத்தை மறந்துவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். உச்சி வெயில் கண்ணுக்குள் பாய்ந்தது. தாரை தாரையாகத் தண்ணீர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு விசிலடித்தேன். பல் செட் போட்டபிறகு விசிலும் சரியாக வருவதில்லை. அழுதுகொண்டு ஊதுகிற கிழவனை முசுடுக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவன் என்னை விட்டுவிட்டு மாடிக் கதவைப் பார்க்க ஆரம்பித்தான்.

யாரைத் தேடுகிறான் என்று புரிந்தது. இந்த மூன்று வாரமும் தீனி வைத்தவள், தண்ணீர் மாற்றியவள், எச்சம் சுரண்டியவள் கீழே இருக்கிறாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து.

வாய் வரவில்லை. என்னவென்று கூப்பிடுவது? உன் முகம் தெரிகிறது, என் முகம் அவனுக்குத் தெரியவில்லை, வா என்றா? நான் கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு அவன். இதோ உள்ளே போய்விடுவான், இதோ என்று நின்றேன். குந்தினேன், எழுந்தேன். தானியத்தை வாரி இறைத்தேன். அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தொன்பதுக்கு, "ஏய், இங்க வா!" என்று கத்தினேன்.

கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் வந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். "என்னடா, வெயில்ல உனக்கு என்ன வேடிக்கை? உள்ள போ" என்றாள். போய்விட்டான். கையில் பிடித்து வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்தைத் திருகினேன். பன்னிரண்டு ஐம்பது.

சாயங்காலம் செயலாளர் போன் செய்தார். வெல்டர் முதலிடம். வீட்டுக்கு வீடு தூரம் வேறுபடுவதைக் கழித்துப் பார்த்ததில் எனக்கும் அவனுக்கும் இரண்டு நிமிடம் எட்டு நொடி வித்தியாசம். "உங்க புறா இன்னும் கொஞ்சம் வேகமா பறந்திருக்கலாம்" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பழியைப் புறாமேல் போட்டது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்து எவ்வளவு நேரம் உக்காந்திருந்தான்?"

"ஒம்பது நிமிஷம்."

"என்னைக் கூப்பிடணும்னு எப்ப தோணுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். கண்ணை மூடியிருந்ததால் சொல்ல வரவில்லை. "நாலாவது நிமிஷம்."

அடுத்த சொட்டுக்கு அவள் இமையைப் பிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். மருந்துப் புட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"ரெக்கைச் சத்தம் கேட்டதுமே ஓடி வந்துட்டேங்க" என்றாள். "கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன், ஒம்பது நிமிஷமும்."