கண் திறவாத வாத்துகள்

துவக்குச் சூட்டுச் சத்தத்துக்குப் பயந்து திருகோணமலையிலிருந்து கனடாவின் மொன்றியல் வரை ஓடி வந்த நான், அங்கே லாசால் பகுதியில் துவக்குகளுக்குப் பூ வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு எழுதும்போது "இரும்பில் சித்திர வேலை" என்று மட்டும் எழுதினேன். அம்மா வாசல் படலை செய்கிறா என்று மகள் கௌரி நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

என் அப்பா நகைத் தொழிலாளி. பெண்பிள்ளைகள் உளி தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. பார்வை மங்கியபோது கொள்கையும் மங்கியது. அப்படித்தான் எனக்குத் தொழில் வந்தது. லாசால் பட்டறையில் மூன்று பெண்கள் இருந்தோம்: முதலாளி கத்தரின், நான், பிரெஞ்சு தெரியாத எனக்கு நாக்காகவும் இருந்த மனோகரி. வேட்டைத் துவக்குகளின் பக்கத் தகடுகளைக் கழற்றி எங்களிடம் தருவார்கள். சிற்றுளியும் விரலளவு சுத்தியலுமாக அதில் வாத்து, நாய், நாணல் எல்லாம் வெட்டுவோம். வெட்டி முடித்ததும் தகட்டைச் சூளையில் வைத்து இறுக்குவார்கள். பிறகு எந்த உளியும் அதில் ஏறாது.

அது எண்பத்தாறு ஒக்டோபர். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு எனக்குக் குடிவரவு அலுவலகத்தில் நேர்முகம். வேலை செய்து காலூன்றியவர்களுக்கு நிரந்தர விசா கிடைக்கும் என்றார்கள். அதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும். விசா கிடைத்தால் கௌரியைக் கூப்பிடலாம். அவளுக்குப் பதினான்கு வயது. என் தங்கையோடு ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்தாள். "இரவில் காலில் சப்பாத்தோடுதான் படுக்கிறோம்" என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாள். அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக நான் இன்னும் பழகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு என் தகட்டில் எல்லாம் முடிந்திருந்தது. நாணலுக்குள் ஒரு நாய், மேலே எழும்பும் இரண்டு வாத்துகள். பக்கத்தோற்றத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக மூன்று கண்கள் மட்டும் மிச்சம். எங்கள் ஆட்கள் உயிருள்ள எதை வெட்டினாலும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அதுவும் நல்ல நேரம் பார்த்து. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். தகட்டை மேசையில் வைத்துவிட்டு, வயிற்றுவலி என்று சொல்லி, கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். வாத்துக்காகக் கழிப்பறையில் தவம் இருந்த பெண் உலகத்தில் வேறு இருக்க மாட்டாள்.

வெளியே வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து கத்தரின் தகட்டைச் சூளையில் வைத்துவிட்டாள். உடனே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, துணிச்சல் என்ற சாமானை நான் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மூன்று மணிக்குத் தகடு வெளியே வந்தது. கத்தரின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"கண் எங்கையெண்டு கேக்கிறா," என்றாள் மனோகரி.

"ராகு காலம் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் எண்டு சொல்லு."

"சொன்னா, ஆர் அந்த ராகு, அவருக்கு வேலை பெர்மிற் இருக்கோ எண்டு கேப்பா, அக்கா."

நான் உளியை எடுத்து நாயின் முகத்தில் வைத்துத் தட்டினேன். நுனி உடைந்து பறந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் உடைந்தது. மூன்றாவது உளியை எடுத்தபோது கத்தரின் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குருட்டு மிருகம் செய்யிற ஆளுக்குக் கெட்டிக்காரி எண்டு கடிதம் குடுக்க ஏலாதாம்," என்றாள் மனோகரி தலையைக் குனிந்துகொண்டு.

"காலில விழுறன் எண்டு சொல்லு."

"அதைச் சொல்ல மாட்டன். மனுசி பயந்துபோகும்."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டினேன். "மா ஃபீய்," என்றேன். என் மகள். "கத்தோர்ஸ் ஆன்." பதினான்கு வயது. அதற்கு மேல் என்னிடம் பிரெஞ்சு இல்லை.

கத்தரின் கையுறையைக் கழற்றினாள், திரும்பவும் போட்டாள். பிறகு மனோகரியிடம் ஏதோ சொன்னாள்.

"தகட்டைத் திருப்பிச் சூடாக்கிச் சாம்பலுக்குள்ள ஆற விட்டா இளகுமாம். பிறகு கறுப்புப் போக மேல உரஞ்சினா உங்கடை வெட்டிலை பாதி போயிடுமாம். திங்கள் காலமை எட்டு மணிக்கு முழுசா முடிச்சுக் குடுத்தா, கடிதம். துவக்கின்ரை ஆள் இல்-பிசார் ஊரிலையிருந்து மத்தியானம் வாறாராம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகல் முழுக்க வெட்டினேன். இறகு இறகாக, நாணல் நாணலாக. கத்தரின் வந்து பக்கத்து மேசையில் தன் வேலையைச் செய்தாள். என் உளிகளை அவளே தீட்டி வைத்தாள். திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டாள். ஏழு முப்பத்தைந்துக்கு மூன்று கண்கள்தான் மிச்சம்.

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம்.

"வெட்டுங்கோ, அக்கா," என்றாள் கூடவே வந்திருந்த மனோகரி.

"கொஞ்சம் பொறு."

"என்னத்துக்கு? ராகு இண்டைக்கு லாசால் பஸ்ஸைத் தவறவிட்டிட்டார் எண்டு நினையுங்கோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நேரத்தில் கண்ணைத் திறந்து, அங்கே பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் யாரைக் குற்றம் சொல்வது? திறக்காமல் விட்டு நடந்தால்? சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இப்போது பின்னேரம் ஐந்து மணி கடந்திருக்கும். காலையில் வந்த ராகு காலையிலேயே போயிருப்பார். வெள்ளிக்கிழமை மொன்றியல் மணிக்கூட்டை நம்பிக் கெட்டவள், திங்கட்கிழமை திருகோணமலை மணிக்கூட்டுக்கு மாறினேன். கட்சி மாறுவதில் எனக்கு வெட்கமில்லை. கௌரி இருப்பது அங்கே. அவளுக்கு அந்த நேரம்தான் செல்லும்.

மூன்று கண்களையும் திறந்தேன். கத்தரின் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். தகட்டைத் தானே சூளைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, என் கையில் அல்ல, மனோகரியின் கையில் கொடுத்தாள். என் கைகளில் இரும்புத் தூள் அப்பியிருந்தது.

மனோகரியும் என்னோடு மெற்றோவில் வந்தாள். அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, கோப்பில் வைத்தார். மகளின் வயது என்ன என்று கேட்டார். பதினான்கு என்றேன். எழுதினார். முடிவு தபாலில் வரும், ஒரு வருடம் ஆகலாம் என்றார்.

"அப்ப பதினைஞ்சு எண்டு எழுதச் சொல்லு," என்றேன். "பிறகு வெட்டித் திருத்த வேண்டாம்."

மனோகரி அதை மட்டும் பிரெஞ்சில் சொல்லவில்லை.