முள் நிற்கிற இடம்

கச்சாய்த் துறையில் எங்கள் தண்ணீர் இறைக்கும் மெசினைச் செல்வரட்ணத்தின் வள்ளத்துக்குள் இறக்கியபோது, என் வீட்டுக்காரர் அருளம்பலம் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று தூக்கியவர்களுக்கு உத்தரவு போட்டார். தூக்கிய கைகளில் இரண்டு என்னுடையவை. அவர் முப்பது வருடம் ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுத்தவர். டிக்கட் கொடுத்தவருக்கு எஞ்சினைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று ஊர் நம்பியது; நாளடைவில் அவரும் நம்பிவிட்டார். சண்டையால் ரயில் கோச்சி நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியும் அந்த நம்பிக்கை மட்டும் நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் விறாந்தை, அறை, குசினி என்று எங்கும் வெங்காயம் பிடி பிடியாகத் தொங்கியது. தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஐப்பசி மழை தொடங்கி ஈரம் ஏறிவிட்டால் முளைவிடும், பிறகு அழுகும். சண்டையில் தரைப்பாதையும் பூட்டியிருந்தபடியால் கடலேரியைத் தாண்டி அக்கரைக்குக் கொண்டுபோனால்தான் வவுனியா வியாபாரியின் லொறியைப் பிடிக்கலாம். செல்வரட்ணத்திடம் வள்ளம் இருந்தது, ஆனால் அவனுடைய மோட்டருக்குப் பெற்றோல் கிடையாது. என்னுடைய மெசினோ ஊசிமருந்துப் போத்தலில் நாலு துளி பெற்றோலை மணக்கக் காட்டிவிட்டால் பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும். காத்து விழுந்துபோன மாதம், வள்ளத்துக்குப் பாய் கட்டினாலும் உதவாது. ஆகவே மெசினை வள்ளத்தில் பூட்டி, ஒரு பெல்ட்டைப் போட்டு, தண்ணீருக்குள் சுழலும் காத்தாடியின் தண்டோடு இணைத்தோம். மெசின் எரிந்துபோனால் இந்த வெங்காயமும் போகும், அடுத்த போகத்துக்கு இறைக்கவும் வழியில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மணல் மூட்டைகளை ஏற்றி முதலில் ஓட்டிப் பார்த்தோம். வள்ளம் நகர்ந்தது, ஆனால் கலியாண வீட்டுக்கு விருப்பமில்லாமல் போகிறவர் மாதிரி. மெசின் முக்கியது. பதினாறு வருடமாக விடியற்புறம் கிணற்றடியில் அதன் சத்தத்தைக் கேட்டு வருகிறேன். வாய்க்காலில் தண்ணீர் சீராகப் போகும்போது அது ஒரே அடியாக அடிக்கும். சுமை கூடினால் ஒவ்வொரு அடிக்கும் இடையில் ஒரு பெருமூச்சு விழும். அன்று முழுக்கப் பெருமூச்சுத்தான். அருளம்பலத்துக்கு அது கேட்கவில்லை. அவருடைய வலக்காது ஐந்தாறு வருடமாக மந்தம். இடக்காதும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தது.

"காத்தாடி சின்னன், அக்கா. அதுதான் விசயம்," என்றான் செல்வரட்ணம். ஒரு பழைய இழுவைப் படகிலிருந்து கழற்றிய பித்தளைக் காத்தாடி அவன் வீட்டில் கிடந்ததாம். அடுத்த நாள் அதை மணல் போட்டு மினுக்கிக் கொண்டுவந்தான். மூன்று இதழ், அகலம் தாம்பாளத்தளவு. எனக்கே அதைத் தடவிப் பார்க்க ஆசையாக இருந்தது.

"பெரிசாப் போட்டால் பெரிசாத் தள்ளும். உதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் என்னவர்.

"காத்தாடியை விட்டிட்டுச் சில்லை மாத்தினால் என்ன?" என்று கேட்டேன். பெல்ட் ஓடுகிற சில்லுகள் இரண்டும் ஒரே அளவு. தண்டிலே இருக்கிற சில்லைப் பெரிதாக்கினால் மெசின் இரண்டு சுற்றுச் சுற்ற, காத்தாடி ஒன்றோ ஒன்றேகாலோ சுற்றும். மெசினுக்கு இலகு.

"மெதுவாச் சுத்தினால் மெதுவாத்தானே அக்கா போகும்?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் இல்லாத கேள்வி எனக்குப் பல்லுக்குள் அகப்பட்ட மாங்காய் நார் மாதிரி, எடுக்கும் வரைக்கும் வேறு வேலை ஓடாது. மத்தியானம் வாசல் படலையடியில் நின்று, சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு பட்டணம் போகிற ஒருவரை மறித்தேன். ஆள் உயரத்துக்கு விறகு. "உங்கடை பின் சில்லிலை பல்லு எத்தினை எண்டு எண்ணிப் பாக்கட்டோ?" என்று கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தார். எண்ணினேன். எங்கள் வீட்டுச் சைக்கிளைவிட ஐந்து பல் கூட. "பெரிய பல்சில்லு போட்டால் கனதரம் மிதிக்க வேணும். ஆனால் கால் நோகாது, நிண்டுபோகாது. சின்னனோடை இந்தச் சுமைக்கு மிதிச்சால் முதல் சந்தியிலையே நான் விழுந்துபோவன்," என்றார். அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தேன். என் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

மீதிப் பாதிக்கு என் வெங்காயத் தராசைத் துறைக்குக் கொண்டுபோனேன். மூட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டால் வட்ட முகத்தில் முள் சுற்றி நிறை காட்டுகிற தராசு. அதன் ஒரு முனையைத் துறைக் கட்டையிலும், கொக்கியை வள்ளத்தின் பின்பக்கத்திலும் கயிறு போட்டுக் கட்டினோம். வள்ளம் ஓடப் பார்க்கும், கயிறு விடாது. எவ்வளவு பலத்தோடு இழுக்கிறது என்று முள் சொல்லும். பழைய காத்தாடிக்கு முள் பதினான்கு கிலோவில் நின்றது.

பிறகு பித்தளைக் காத்தாடியைப் பூட்டினார்கள். பெல்ட்டை இறுக்கியதும் வள்ளம் ஒரு துள்ளுத் துள்ளியது. முள் இருபத்தேழுக்குப் பாய்ந்தது. கரையில் நின்றவர்கள் கூவினார்கள். என்னவர் குடையை மடக்கினார். வெயிலில் அவர் குடையை மடக்கினால் அது பெரிய வெற்றி. "கண்டீரோ? இரட்டிப்பு!" செல்வரட்ணம் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டான்.

"விடுங்கோ. இன்னும் ஓடட்டும்," என்றேன்.

வெங்காயம் விற்கிறவளுக்கு இது தெரியும். மூட்டையை வெடுக்கென்று கொக்கியில் விட்டால் முள் துள்ளி மேலே போகும். துள்ளிய இடத்தைக் காட்டிக் காசு கேட்டால் வியாபாரி சிரித்துவிட்டுப் போய்விடுவான். முள் நிற்கிற இடம்தான் நிறை. செல்வரட்ணத்தின் மீன் கரையில் குவியலாக ஏலம் போவது; அவன் ஆயுளில் ஒரு முள்ளுக்காகக் காத்து நின்றவனில்லை. என்னவரோ தராசு பிடிக்க வெட்கப்பட்டு, எங்கள் வெங்காயம் நிறுக்கிற நாளெல்லாம் கோயிலுக்குப் போய்விடுவார்.

முள் இறங்கியது. இருபது. பதினாறு. பன்னிரண்டு. கடைசியில் பதினொன்றில் நின்றது. மெசினின் கனத்த இரும்புச் சில்லு, சுற்றிச் சேர்த்து வைத்திருந்த வேகம் முழுவதையும் முதல் துள்ளலிலேயே கொடுத்துவிட்டது. இப்போது அது அந்தப் பெரிய பித்தளையைத் தண்ணீருக்குள் புரட்ட மாட்டாமல் கறுப்புப் புகை கக்கியது. நான் பாய்ந்து நிறுத்தினேன். மேலே தண்ணீர் தெளித்தால் சீறியது.

"கை வைச்சுப் பாருங்கோ," என்றேன். என்னவர் குடையின் நுனியை வைத்துப் பார்த்தார்.

"புதுச் சாமான். பழக வேணும்," என்றார்.

செல்வரட்ணம் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். "நடுக் கடலிலை வைச்சு எரிஞ்சிருக்கும், அண்ணை," என்றான் மெல்ல. பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா சொன்னதையும் ஒருக்காப் பாப்பம்."

பார்க்கலாம்தான், பெரிய சில்லுக்கு எங்கே போவது? கரண்ட் இல்லாமல் இரும்புப் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. மரத்தில் செய்யலாம் என்றார் தச்சுவேலை ஏரம்பு. ஆனால் பச்சை மரம் வெடித்துவிடும். வருடக்கணக்காகக் காய்ந்த, தடித்த, வைரமான பலகை வேண்டும். வன்னிக் காட்டிலிருந்து மரம் வருவதில்லை. ஊரில் விழுந்த மரமெல்லாம் குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்குப் போய்விட்டது. ஏரம்பு எங்கள் வீட்டுக்கு வந்து கதவு, கட்டில், பெட்டகம் என்று ஒவ்வொன்றாக விரல் மொளியால் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியாக விறாந்தையில் என்னவர் குந்தியிருந்த நீட்டு வாங்குக்கு முன்னால் வந்து நின்றார். தட்டவில்லை. அது ஒரே முதிரை மரப் பலகை, மூன்று விரல் தடிப்பு. என்னவரும் எழும்பவில்லை. ஏரம்பு மேலே வெங்காயத்தைப் பார்த்துவிட்டு, "பிறகு வாறன்" என்று போய்விட்டார்.

நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். கோச்சி இருந்த காலத்தில் அவருக்கு ஒரு கம்பிச் சாளரமும், அதற்கு முன்னால் வரிசையும் இருந்தது. அது நின்ற பிறகு இந்த வாங்கு மட்டும்தான். காலையில் முகம் கழுவி, சேர்ட் போட்டு, அதில் வந்து இருப்பார். போகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுப் போவார்கள். அதையும் அறுத்துக் கொடுங்கோ என்று நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்ததில் எனக்குக் கோபமும் இருந்தது. ஒரு பலகைக்கும் எங்கள் சோற்றுக்கும் நடுவில் மனுசன் இருக்கிறாரே என்ற கோபம். இரண்டு நாள் அவருடைய காலைச் சுற்றியே விறாந்தையைக் கூட்டினேன்.

மூன்றாம் நாள் மேற்கே மின்னியது. குசினியில் ஒரு பிடியைக் கழற்றினேன். வெங்காயத்தின் நுனியில் நெல்லளவு பச்சை. அதைக் கொண்டுவந்து வாங்கில் அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலையில் மரம் அறுக்கிற வாளின் சத்தம் கேட்டது. வாங்கு கவிழ்ந்து கால் நான்கையும் தூக்கிக்கொண்டு கிடந்தது. என்னவர் சேர்ட்டைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்து அறுத்தார். தான் சோறு தின்கிற அகலக் கோப்பையைப் பலகையில் கவிழ்த்து, அதைச் சுற்றிச் சோக்குக் கட்டியால் கோடு போட்டிருந்தார். வட்டம் கொஞ்சம் கோணல்.

"ஏரம்பு வரட்டும் எண்டு நிண்டால் மழை வந்திடும்," என்றார் நிமிராமல். "உம்மடை கணக்குப் பிழைச்சால் நான் எங்கை இருக்கிறது?"

"என்னோடை வந்து பாயிலை இருங்கோ," என்றேன். வாளின் மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன்.

ஏரம்பு அந்தக் கோணல் வட்டத்தை நேராக்கி, அதேபோல இன்னொன்றும் அறுத்து, இரண்டையும் ஒன்றாக இறுக்கி, விளிம்பில் பெல்ட் பதிந்து ஓடக் காடி வெட்டிக் கொடுத்தார். பழைய காத்தாடியையே திரும்பப் பூட்டினோம். தராசைக் கட்டினோம். சுமை இலகுவானதும் மெசின் முக்காமல் தன் முழு வேகத்தில் சுற்றியது. முள் துள்ளவில்லை, மெல்ல ஏறி இருபத்திரண்டில் நின்றது. "அண்டைக்கு இருபத்தேழு காட்டினதே," என்று யாரோ பின்னால் முனகினார்கள். என்னவர் மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடம். இருபத்திரண்டு. பத்து நிமிடம். செல்வரட்ணம் தராசின் கண்ணாடியில் விரலால் தட்டினான்.

"முள்ளு செத்துப்போச்சோ, அக்கா?"

"இல்லைத் தம்பி. அதுதான் நிறை."

என்னவர் வள்ளத்துக்குள் இறங்கி, குடையைக் கரையிலேயே விட்டுவிட்டு, மெசினின் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுக்கவில்லை.

அதற்கு இரண்டாம் நாள், வெயில் சரிந்த பிறகு, பன்னிரண்டு மூட்டையோடு செல்வரட்ணம் வள்ளத்தை எடுத்தான். பத்து நிமிட ஓட்டத்தைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். அக்கரைக்கு இரண்டரை மணித்தியாலம். பெல்ட் ஓட ஓட அந்த முதிரைச் சில்லு மஞ்சளாகச் சுழன்றது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும், அவர் இருந்து இருந்து வழவழத்துப்போன கருமை, சுற்றுக்கு ஒரு தரம் மேலே வந்து போனது. பிறகு அதுவும் தெரியவில்லை. வள்ளம் ஒரு புள்ளியானது. நான் கண்ணைப் பாவிக்கவில்லை, காதைத்தான் பாவித்தேன். ஒரே அடி, ஒரே அடி. கிணற்றடியில் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகும்போது அடிக்கிற அதே அடி. அது மெலிந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் எனக்குக் கேட்கவில்லை. தூரமாகிவிட்டதா, நின்றுவிட்டதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கரையில் அலை மட்டும்தான்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கேக்குதோ?"

எந்தக் காதால் கேட்பார் என்று யோசியாமல் கேட்டுவிட்டேன். அவர் இடக்காதைக் கடல் பக்கம் திருப்பி, உள்ளங்கையைக் குவித்து அதற்குப் பின்னால் வைத்தார். மெசினில் வைத்த அதே கை.

"ஓம்," என்றார். "ஓடுது. ஒரே அடி."

துறையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இருட்டத் தொடங்கியது. அவர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.