ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது

பல்லக்காவுக்குத் தங்கை ஊருக்குப் போக இஷ்டமே இல்லை. குண்டு வெடிப்பதற்கு முன்னாலேயே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஆளாளுக்குக் குண்டைக் காரணம் சொன்னார்கள். அது செய்த அக்கிரமம் போதாதென்று இதையும் அதன் தலையில் கட்டினார்கள்.

பல்செட் செய்கிற லேபில் வேலை பார்ப்பதால் அவள் வீட்டுக்கும் தெருவுக்கும் பல்லக்கா. பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவாள். இறுகியதும் உரித்தெடுத்தால் யாரோ ஒருவருடைய ஈறு அப்படியே கையில் இருக்கும். அதன்மேல் மெழுகு வைத்து, பல் பல்லாக நட்டு, கடிக்க வைத்துப் பார்ப்பாள். மாவைக் கரைத்துவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. ஊற்றி முடிக்கிற வரைக்கும் மேஜையை விட்டு நகர முடியாது. அதனால் அவளுடைய ஃபோன் எப்போதும் ஒரு பாலிதீன் பைக்குள்தான் கிடக்கும். டைப் செய்கிற வேலையே கிடையாது. கை பூராவும் மாவாக இருக்க, சுண்டுவிரல் முட்டியால் திரையை அழுத்திக் குரலாகவே பேசி அனுப்பிவிடுவாள். அது அவளுக்குக் கைவந்த கலை.

தங்கைக்கு நாற்பத்தெட்டு வயது. இருந்தும் வீட்டில் அவள் குட்டிதான். கல்யாணப் பேச்சை ஒரு காலத்தில் அவள் தட்டிக்கழித்தாள். பிறகு யாரும் எடுக்கவில்லை. ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், பெரிய ஊரில், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை. கடைக்குப் பின்தெருவில் ஒரு ஃபிளாட். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். குட்டி யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். அவளே ஃபோன் செய்து, “அக்கா, ஆஸ்பத்திரியில கூட ஒரு ஆள் இருக்கணும்னு சொல்றாங்க. நீ வர முடியுமா?” என்று கேட்டாள்.

“இதென்னடி கேள்வி, வராம எங்க போறேன்” என்றாள் பல்லக்கா.

சொன்னபோது மனசாரத்தான் சொன்னாள். ஃபோனை வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. லேபில் லீவு கேட்டு முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்க வேண்டும், அவளுக்கு இடுப்பு வலி வேறு. வீட்டுக்காரருக்கு அத்தனை நாள் யார் சமைத்துப் போடுவது. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்தார். பல்லக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு பெட்டி அடுக்கினாள்.

கிளம்புகிற வாரத்தில்தான் அந்த ரயில் நிலைய வாசலில் குண்டு வெடித்தது.

காலை நேரம். வேலைக்குக் கிளம்பிய ஜனங்கள் டிஃபன் பாக்ஸும் கையுமாகச் செத்துப்போனார்கள். யார் வைத்தது, எதற்காக வைத்தது என்று டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள். எதற்காக வைத்திருந்தால் என்ன, அந்தப் பாவிகளுக்கு அந்த டிஃபன் பாக்ஸ்கள் கண்ணில் படவில்லை. கருகிப்போன ஒரு டாக்சியையே டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. பல்லக்கா குட்டிக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி போட்டாள். கடைசியில் எடுத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கடைக் கண்ணாடி மொத்தமா உள்ள வந்து விழுந்துச்சு. நான் பின்னாடி ஸ்டாக் ரூம்ல இருந்தேன்” என்றாள் குட்டி. அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

பல்லக்கா அழுதாள். நிஜமான அழுகைதான். ஆனால் அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போது, உள்ளே ஒரு மூலையில் ‘அப்பாடா’ என்று ஒன்று எட்டிப் பார்த்ததும் நிஜம். பாதி அடுக்கிய பெட்டி கட்டிலடியில் கிடந்தது. அதைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

அன்று சாயங்காலமே கலெக்டர் அண்ணன் வந்துவிட்டார். கூடப் பிறந்தவர்களில் மூத்தவர். லிஃப்ட் கம்பெனியில் இருந்து ரிட்டையர் ஆனவர். எல்லார் வீட்டு விஷயத்திலும் உத்தரவு போடுவதால் அந்தப் பெயர்.

“இவனுங்க ஒரு தடவையோட நிறுத்த மாட்டாங்க. அடுத்ததையும் அதே இடத்துலதான் வைப்பாங்க. எனக்குத் தெரியும்” என்றார். லிஃப்டைத் தவிர இவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

“அதைத்தான் மச்சான் நானும் சொல்றேன்” என்றார் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் பேச்சை அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவர் பயந்தது குண்டுக்கா அடுப்புக்கா என்பது அவருக்கே வெளிச்சம்.

“ரயில் ஓடுதுல்ல?” என்றாள் பல்லக்கா. கேட்டு வைக்க வேண்டுமே என்று கேட்டாள்.

“ஓடாம என்ன, ஓடும். போறவன் போய்க்கிட்டுதான் இருப்பான். உனக்கென்ன தலையெழுத்தா?”

“குட்டிக்கு ஆபரேஷன் இருக்கேண்ணா.”

“தள்ளிப் போடச் சொல்லு.”

“போட முடியாதாம். ஏற்கனவே ரத்தம் போய்ப் போய் நிக்க முடியலங்கிறா.”

“அப்போ ஒரு நர்ஸை வச்சுக்கட்டும். நானே ஏற்பாடு பண்றேன்” என்றார் அண்ணன். அவர் ஏற்பாடு பண்ணவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் ஃபோனில் வந்தான். “அம்மா, நீ போனா எனக்கு இங்க வேலையே ஓடாது” என்றான். பாசக்காரப் பிள்ளை. சித்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் மறந்துவிட்டான்.

இப்படி ஆளாளுக்குப் பல்லக்காவின் உயிரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவளுக்கும் அது இதமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் உயிருக்கு அந்த வீட்டில் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

மறுநாள் லேபில், ஒரு மேல்வாய் அச்சுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணனிடமிருந்து அவளுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. ‘மத்தவங்களை விடு. உன் மனசுல என்ன இருக்கு, போகணுமா வேண்டாமா?’ எட்டிப் படித்துவிட்டுக் கிண்ணத்தைக் கலக்கினாள். அந்த இடைவெளியில் குட்டி, ‘நம்ம வீடு’ என்கிற குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டாள். கண்ணாடி போன இடத்தில் அட்டை அடித்து, அதன்மேல் ‘கடை திறந்திருக்கிறது’ என்று எழுதி ஒட்டிய படம். படம் வந்ததும் ஃபோன் பட்டியலில் அண்ணன் ஒரு படி கீழே இறங்கினார், குடும்பக் குழு மேலே ஏறியது. மாவு அப்பிய பாலிதீன் வழியாக இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. மேலே இருப்பது அண்ணன்தான் என்று முட்டியால் தட்டி, அழுத்திக்கொண்டு பேசினாள்.

“எனக்கும் போக இஷ்டமில்லண்ணா. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. குட்டி தனிக்கட்டை, அவளுக்குப் பழகிப்போச்சு. எனக்கு அப்படியா, புருஷன் பிள்ளைன்னு இருக்கு. எனக்கு ஒண்ணுன்னா ஒரு குடும்பமே நடுத்தெருவுல நிக்கும். அவளுக்கு ஒண்ணுன்னா…”

அதற்குமேல் அவளுக்கே வாய் வரவில்லை. மாவும் இறுக ஆரம்பித்துவிட்டது. முட்டியை எடுத்தாள். பேசியது செய்தியாகப் போய்விட்டது.

அச்சில் ஊற்றி, குமிழி போகத் தட்டி, ஓரத்தை வழித்து, கையைக் கழுவித் துடைத்து ஃபோனைப் பையிலிருந்து உருவிய பிறகுதான் அது எங்கே போயிருக்கிறது என்று பார்த்தாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யார் யார் கேட்டார்கள் என்று ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். பதற்றத்தில் அதைக்கூடப் பார்க்காமல் அழித்துவிட்டாள். அழித்த இடத்தில் ‘செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி நின்றது. குட்டி கேட்டாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் தன் கையாலேயே அடைத்துக்கொண்டாள்.

அண்ணன் கேட்டிருந்தார். ‘குழுவுல ஏன் போட்டே’ என்று மட்டும் எழுதினார். மத்தியானம் குட்டியிடமிருந்து செய்தி வந்தது. ‘அக்கா, நீ வர வேண்டாம். பக்கத்து ஃபிளாட் டீச்சர் கூட இருக்கேன்னு சொல்லிட்டாங்க. நீ பத்திரமா இரு.’

பல்லக்கா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். கேட்டுவிட்டு எழுதினாளா, கேட்காமல் எழுதினாளா. கேட்டிருந்தால் நாலு வார்த்தை கத்தியிருக்க மாட்டாளா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். குட்டி பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கத்தியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும்: கேட்டிருந்தாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் எந்த வார்த்தையும் ஒன்றும் செய்யாது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போய், “அவளே வேண்டாம்னுட்டா” என்றாள்.

வீட்டுக்காரர் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி டிக்கெட்டை ரத்து செய்தார். அதன்பிறகு யார் விசாரித்தாலும் வீட்டில் இதே பதில்தான்: அவளே வேண்டாம்னுட்டா. லேப் முதலாளியிடம் சொன்னாள், தெருவில் சொன்னாள், சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. உண்மைதானே, வேண்டாம் என்று அவள்தானே எழுதினாள்.

பல்லக்கா போக வேண்டிய ரயில் குறித்த நாளில் சாயங்காலம் கிளம்பி, மறுநாள் காலை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த நாளும் போனது. ஒருநாளும் நிற்கவில்லை.

ஆபரேஷன் அன்று ஃபோனை டீச்சர்தான் எடுத்தாள். “அக்காவா? நல்லபடியா முடிஞ்சிடுச்சுங்க. இன்னும் மயக்கம் தெளியல. நீங்க கவலைப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்றாள். பிறகு, “வர முடியாம உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டமா இருக்கும்” என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே இரக்கப்பட்டுச் சொன்னாள். அதைப் பல்லக்காவால் தாங்க முடியவில்லை. யாரோ ஒரு டீச்சர், முகம்கூடத் தெரியாது, தன் தங்கைக்கு முதுகைத் துடைத்துவிட்டுத் தனக்கும் ஆறுதல் சொல்கிறாள்.

குட்டி தேறி எழுந்து கடைக்குப் போக ஆரம்பித்தாள். பேசும்போது சாதாரணமாகத்தான் பேசினாள். சாப்பிட்டாச்சா, அத்தான் எப்படி இருக்கார், இடுப்பு வலி எப்படி இருக்கு. அழித்த குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவேயில்லை போலிருக்கிறது என்று பல்லக்கா மெல்ல மெல்ல மூச்சு விட்டாள். தப்பித்தோம் என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் லேப் இருக்கும் தெருமுனையில், பஸ் ஸ்டாப் பெஞ்சுக்கு அடியில் யாருமில்லாத ஒரு பை கிடந்தது.

நல்ல வேலை நேரம். போலீஸ் வந்து தெருவை இரண்டு பக்கமும் அடைத்தது. உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். டிவிக்காரர்கள் எங்கிருந்து முளைத்தார்களோ, கால் மணி நேரத்தில் தெருவே டிவியில் ஓடியது. பல்லக்கா மாவுக் கிண்ணத்தோடு ஜன்னலோரம் நின்று பார்த்தாள்.

அண்ணன் குழுவில் உத்தரவு போட்டார்: ‘யாரும் வெளியே போக வேண்டாம். நான் சொல்லும்வரை.’ வீட்டுக்காரர் கூப்பிட்டார். “அங்க ஏதோ பை கெடக்காமே? பார்த்து இரு. ஆமா, திரும்பி வர்றப்போ கடை திறந்திருந்தா பால் வாங்கிட்டு வா. வீட்ல பால் இல்ல” என்றார்.

அதை வைத்த கையோடு குட்டி கூப்பிட்டாள்.

“அக்கா, எங்க நிக்கிறே?”

“லேப்லதான். ஜன்னல்கிட்ட.”

“முதல்ல ஜன்னலை விட்டு உள்ள போ. எதுன்னாலும் கண்ணாடிதான் முதல்ல வரும். சுவத்துக்குப் பின்னாடி போய் உட்காரு.”

பல்லக்கா போய், பல்செட் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. “பயமா இருக்குடி” என்றாள்.

“இருக்கும். தெருவைத் திறந்ததும் நேரா வீட்டுக்குப் போய், அத்தானையும் கூட்டிக்கிட்டு ரயிலேறி வந்துடு. கொஞ்ச நாள் இங்க இரு. எல்லாம் அடங்கினதும் போகலாம்.”

கிளம்பி வந்துவிடு. பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. குண்டு வெடித்த அன்று அண்ணன், வீட்டுக்காரர், மகன், அவள் என்று அத்தனை பேர் கூடிப் பேசினார்கள். அந்த ஊருக்குப் போகலாமா கூடாதா என்று மணிக்கணக்கில் பேசினார்கள். அந்த ஊரில் கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் நின்றவளைப் பார்த்து, நீ கிளம்பி இங்கே வந்துவிடு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

“அங்க… இடம் இருக்குமாடி?” என்றாள்.

“இருக்கு” என்றாள் குட்டி. அவள் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. “நான் தனிக்கட்டை, எனக்குப் பழகிப்போச்சு. உனக்கு அப்படியா, புருஷன் பிள்ளைன்னு இருக்கு. கிளம்பி வா.”

அதே வார்த்தைகள். அதே வரிசை.

மன்னித்துவிடு என்று சொல்லலாம். இதோ கிளம்பிவிட்டேன் என்று சொல்லலாம். இரண்டில் ஒன்றைச் சொல்லத்தான் பல்லக்கா வாயைத் திறந்தாள். அத்தனை வருஷத்துப் பழக்கத்தில் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: “அவரைக் கேட்டுச் சொல்றேன்டி.”

“சரிக்கா. கேட்டுச் சொல்லு” என்று குட்டி ஃபோனை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பையைத் திறந்து பார்த்துவிட்டார்கள். யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு ஜோடி ஷூவும் ஈரத் துண்டும். தடுப்பை எடுத்தார்கள், பஸ் ஓடியது, கடைகள் திறந்தன. கிண்ணத்தில் இறுகிப்போன மாவைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பல்லக்கா பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.