சூரியன் மேல் போட்ட பழி

"உங்க கையெழுத்து மட்டும் போதும் டீச்சர். மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன்" என்று சொல்லி, கான்ட்ராக்டர் கிருஷ்ணராஜ் ஒரு காகிதத்தை மெட்டில்டாவின் மேஜை மேல் வைத்தார்.

படிக்கப் படிக்க மெட்டில்டாவுக்குக் காது மடல் சூடேறியது. திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்தில் ஒரு சுவர் சரிந்தது. சூரியனில் நிகழ்ந்த வெடிப்பினால் உண்டான நில அதிர்ச்சியே அதற்குக் காரணம் என்று, விஞ்ஞான ஆசிரியையாகிய அவள் உறுதி கூறுகிறாளாம்!

"நான் எப்போ உறுதி கூறினேன்?"

"இதோ, பத்திரிகையிலே எழுதியிருக்கீங்களே!"

எழுதியது உண்மைதான். 1957-ஆம் வருஷம் சூரியனில் புள்ளிகள் மிக அதிகம். ஆறு வருஷமாகச் சின்ன தூரதரிசினி வழியே சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து, புள்ளிகளைப் பென்சிலால் குறித்து வருகிறவள் மெட்டில்டா. பக்கத்திலேயே, உலகில் எங்கெங்கே பூகம்பம் என்று செய்தித்தாள் பார்த்து எழுதுவாள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்பது அவள் கட்டுரை. 'இருக்கலாம்' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தாள். கிருஷ்ணராஜின் கண்ணில் அந்த நான்கும் படவில்லை.

ஆனால் அவளைக் குத்தியது வேறு. திங்கள் மாலை இதே கிருஷ்ணராஜ் வந்து, "நிலம் ஆடிச்சு டீச்சர்" என்றபோது அவள் ஒருவரையும் விசாரிக்கவில்லை. முதல் நாள்தான் சூரியனில் பெரிய வெடிப்பென்று செய்தி வந்திருந்தது. கணக்குப் பொருந்திவிட்ட குதூகலத்தில், 'மைசூர், லேசான அதிர்ச்சி' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தச் சுவருக்கடியில் ஒரு சித்தாளின் கால் நசுங்கியது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

"நாளைக்கு இன்ஜினீயர் வர்றார்" என்றார் கிருஷ்ணராஜ். கூட வந்து வாசலிலேயே நின்றுவிட்ட கொத்தனாரைக் காட்டினார். "நீங்க கையெழுத்துப் போடலேன்னா, செவுரு கட்டின இந்தக் கரியப்பன் மேலேதான் கேஸு. பெண்டாட்டி ஆஸ்பத்திரியிலே, புருஷன் ஜெயில்லே. பாவம் உங்களுக்கு!"

அவர் போன பிறகும் கரியப்பன் போகவில்லை. கௌதள்ளி கிராமத்திலிருந்து மனைவி சாமியாத்தாளோடு பிழைக்க வந்தவன். கால் நசுங்கிய சித்தாள் அவள்தான்.

"அம்மிணி, சூரியன் மேலயே போட்டுருங்க. சூரியனை எந்தப் போலீசுங்க உள்ளே தள்ளப் போவுது?"

மெட்டில்டாவுக்குச் சிரிப்பு வந்தது; அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"நெசமாவே நிலம் ஆடிச்சா?"

"நான் சாரத்து மேல நின்னுட்டிருந்தனுங்க. ஆடினது செவுருதானுங்க."

"ஏன்?"

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "சுண்ணாம்பு பத்தாதுங்கன்னு சொன்னனுங்க. 'செம்மண்ணைக் கலந்து கட்டுடா, மேலே பூசிட்டா எவனுக்குத் தெரியும்'னாருங்க."

"நிக்கற மூணு செவுரு?"

"அதே கலவைதானுங்க."

தசரா விடுமுறை முடிந்ததும் அந்தக் கட்டடத்துக்குக் கூரை போட்டு, மூன்றாம் வகுப்பை அங்கே மாற்றுவதாக ஏற்பாடு. நாற்பது பெண் குழந்தைகள்! சூரியன் மேல் பழியைப் போட்டால், இந்த மூன்று சுவர்களுக்கும் யோக்கியதாபத்திரம் கொடுத்த மாதிரி. மெட்டில்டா காகிதத்தை நாலாகக் கிழித்தாள்.

"ஐயோ அம்மிணி, என் பொழப்பு!"

"எங்கிட்டச் சொன்னதை நாளைக்கு இன்ஜினீயர்கிட்டச் சொல்லு. பக்கத்திலே நான் நிக்கறேன்."

மறுநாள் காலை, இன்ஜினீயர் வருமுன்பே அவள் விழுந்த சுவரை ஒட்டிய வீட்டுக் கதவைத் தட்டினாள். வீட்டுக்கார ரங்கம்மா குங்குமம் கொடுத்து உள்ளே அழைத்துப் போனாள். கூடத்தில் ஒன்பது படி கொலு. உச்சிப் படியில் ராஜா ராணி மரப்பொம்மைகள். அவற்றின் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு மரச் செப்புகள். விரலால் தொட்டால் விழுந்துவிடும்.

"திங்கட்கிழமை இதெல்லாம் விழுந்துதாம்மா?"

"ஏன் விழணும்? வெச்சது வெச்சபடி இருக்கு. செவுரு விழுந்த சத்தத்துக்கு நடுங்கினது நான்தான். பொம்மை நடுங்கலை!"

இன்ஜினீயர் பசவராஜ் வந்ததும், மெட்டில்டா அவரை நேரே அந்தக் கொலுவின் முன் கொண்டு போய் நிறுத்தினாள். கூடவே வந்த கிருஷ்ணராஜ் பெரிதாகச் சிரித்தார்.

"பொம்மையெல்லாம் சாட்சியா? அப்போ நீங்க பத்திரிகையிலே எழுதினது பொய்யா, டீச்சர்? ஊரெல்லாம் படிச்சுதே!"

மெட்டில்டா அவர் பக்கம் திரும்பினாள்.

"அது சந்தேகம். இன்னும் பத்து வருஷம் பார்த்தாலும் தீருமோ தீராதோ. என் சந்தேகத்தை நீங்க சத்தியமாக்கி, ஒரு பொம்பளையோட காலை அதுக்குள்ளே புதைக்கப் பார்த்தீங்க. விசாரிக்காம நோட்டிலே எழுதினது என் தப்பு. அதைப் பத்திரிகைக்கே எழுதி அனுப்பறேன். உங்க தப்பை எங்கே எழுதறது?"

பசவராஜ் கட்டடத்துக்கு நடந்தார். நின்றுகொண்டிருந்த சுவரில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே விரலை விட்டார். கலவை மாவாக உதிர்ந்தது.

"என்ன கிருஷ்ணராஜ், இது காரையா, களிமண்ணா? யார் கலக்கச் சொன்னது?"

"அது... கொத்தனாரைத்தான் கேக்கணும்."

எல்லாரும் சாரத்தருகே நின்றிருந்த கரியப்பனைப் பார்த்தார்கள். அவன் மெட்டில்டாவைப் பார்த்தான். அவள் ஒரு எட்டு நகர்ந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"இவருதானுங்க சொன்னாரு" என்றான் கரியப்பன், கையை நேரே நீட்டி. "சாமியாத்தா தலை மேல சத்தியம் பண்றனுங்க. மூணு செவுத்தையும் இடிச்சுப் போடணுங்க சாமி. நானே இடிக்கறனுங்க."

பசவராஜ் நோட்டில் கிருஷ்ணராஜின் பெயரை எழுதி, அடியில் கோடு போட்டார். "இன்னிக்கே இடி" என்றார்.

கடப்பாரை எடுத்து வர ஆள் ஓடினான். கரியப்பன் காத்திருக்கவில்லை. முதல் செங்கல்லை வெறும் கையாலேயே உருவி எடுத்தான்.